கழுத்துல மாட்டிக்கணுமா, பையில வெச்சுக்கணுமா?

"பார்த்தா அப்படி ஒண்ணும் தெரியலையே!"

ஆட்டிசம் இருக்கிற ஒருத்தர்கிட்டயோ, அவரோட அம்மாகிட்டயோ இதைச் சொல்லிப் பாருங்க. (வேண்டாம், சொல்லாதீங்க.) சொல்றவர் ஏதோ நல்ல வார்த்தை சொல்றதாத்தான் நினைச்சுக்குவார். கேக்கறவங்களுக்கு அது "எங்கே, நிரூபி பார்ப்போம்"னு கேக்கும். கால் உடைஞ்சு மாவுக்கட்டு போட்டவரைப் பார்த்து யாரும் இப்படிக் கேக்கறதில்லை. ஆட்டிசம், வலிப்பு, காது மந்தம், குடல் அழற்சி, மறதி நோயோட ஆரம்பக் கட்டம், வருஷக்கணக்கா நீடிக்கிற வலி... இதெல்லாம் சட்டைக்கு வெளியே தெரியாது. வெளியே தெரியாததால, பொது இடத்துல ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து விளக்கம் சொல்லணும். அதுலயும் ஆட்டிசம் இருக்கிற சிலருக்கு, கூட்டமும் சத்தமும் தலைக்கேறின நேரத்துல முதல்ல நின்னு போறதே பேச்சுதான். விளக்கம் அவசரமாத் தேவைப்படற நேரம்தான் விளக்கவே முடியாத நேரம்.

சரி, வாய் சொல்லாததை ஒரு அடையாளம் சொல்லட்டுமேன்னு யோசிச்சவங்க நிறையப் பேர். அதுல ரொம்பப் பிரபலமானது ஒரு சூரியகாந்திப் பூ.

2016-ல லண்டன் கேட்விக் விமான நிலையத்துல ஆரம்பிச்சது. பச்சைப் பட்டை, அது முழுக்க மஞ்சள் சூரியகாந்தி. ஆபீஸ்ல ஐடி கார்டு தொங்கவிடற டேக் மாதிரியேதான். இதை மாட்டியிருக்கிறவருக்கு வெளியே தெரியாத ஏதோ ஒரு குறைபாடு இருக்கு, கொஞ்சம் நேரமோ பொறுமையோ உதவியோ தேவைப்படலாம்னு ஊழியர்களுக்குச் சொல்றதுதான் இதோட வேலை. என்ன குறைபாடுன்னு அந்தப் பூ சொல்லாது. மருத்துவச் சான்றிதழும் கேக்க மாட்டாங்க. அங்கிருந்து பிரிட்டனோட மத்த விமான நிலையங்கள், சூப்பர் மார்க்கெட், ரயில்னு பரவி, அப்புறம் கடல் தாண்டி, இப்போ பெங்களூரு, தில்லி விமான நிலையங்கள் வரைக்கும் வந்தாச்சு.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிடணும். பூ மாட்டினா வரிசையைத் தாண்டி முன்னால போகலாம்னு அர்த்தமே இல்லை. அது விஐபி பாஸ் கிடையாது.

(இன்னொண்ணு. சட்டைக் காலர்ல இருக்கிற சின்ன லேபிள் உரசினாலே தாங்க முடியாதவங்க ஆட்டிசம் உள்ளவங்கள்ல நிறையப் பேர். அவங்களுக்காக யோசிச்ச பொருள், கழுத்தைச் சுத்தி நாள் பூரா உரசற ஒரு நாடா! அப்புறம் கைப்பட்டை, பேட்ஜ் எல்லாம் வந்துச்சுங்கிறதால மன்னிச்சு விட்டுடலாம்.)

மாட்டறதா வேண்டாமாங்கிற பட்டிமன்றத்துக்கு முன்னாடி ஜேம்ஸ் மெக்னாட் கதையைக் கேளுங்க. லண்டன்காரர். தொண்டையில புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சையில பேச்சு சரியா வராது. வலிக்கு மார்ஃபின் எடுத்ததுல நடை தள்ளாடும். சுரங்க ரயில்ல ஏறினா பார்க்கிறவங்களுக்கு அவர் காலையிலேயே குடிச்சுட்டு வந்த ஆள். வாயைத் திறந்து "இல்லைங்க, எனக்கு உடம்பு சரியில்லை"ன்னும் சொல்ல முடியாது. அந்த ஊரு ரயில்ல கர்ப்பிணிகளுக்கு 'பேபி ஆன் போர்டு'ன்னு ஒரு பேட்ஜ் 2005-லேருந்து குடுத்துட்டு இருக்காங்க. (2013-ல இளவரசர் வில்லியமோட மனைவி கேட் கர்ப்பமா இருந்தப்போ பேக்கர் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் போனாங்க. அவங்களுக்கும் ஒண்ணு குடுத்துட்டாங்க. அவங்க எந்த ரயில்ல நின்னுட்டே போகப்போறாங்களோ தெரியலை.) மெக்னாட் அதே பாணியில 'கேன்சர் ஆன் போர்டு'ன்னு தானே ஒரு பேட்ஜ் தயார் பண்ணிக் குத்திக்கிட்டார்.

லண்டன் போக்குவரத்துத் துறை இதை முறையா எடுத்துக்கிட்டுச்சு. 2016-ல 1,200 பேரை வெச்சு ஆறு வாரம் சோதனை, 2017 ஏப்ரல்ல நிரந்தரத் திட்டம். ஆனா பேட்ஜ்ல இருந்த வாசகம் மாறிடுச்சு. வியாதியோட பேர் போச்சு. நீலப் பேட்ஜ்ல "தயவுசெஞ்சு எனக்கு ஒரு இடம் குடுங்க"ங்கிற வேண்டுகோள் மட்டும். இதுக்கும் டாக்டர் சீட்டு தேவையில்லை. சோதனையில 70 சதவீதத்துக்கும் மேலான பயணங்கள் முன்னைவிடச் சுலபமா இருந்ததா பங்கெடுத்தவங்க சொன்னாங்க.

மெக்னாட்டோட பேட்ஜ் 'எனக்கு என்ன'ன்னு சொல்லுச்சு. துறையோட பேட்ஜ் 'எனக்கு என்ன வேணும்'னு சொல்லுச்சு. எதிர்ல உக்காந்திருக்கிற முன்பின் தெரியாத மனுஷனுக்கு ரெண்டாவது போதும். முதலாவது அவருக்கு எதுக்கு? உங்க மருத்துவக் கோப்பு ரயில் பெட்டியில யார் வேணா புரட்டற வாரப் பத்திரிகையா?

அடையாளம் போட்டுக்கிறதே அவமானம், சுயமரியாதைக்குக் கேடுன்னு ஒரு வாதம் உண்டு. அதுல பாதி நியாயம் இருக்கு. வரலாறு அப்படி. இங்கிலாந்துலேயே 1697-ல ஒரு சட்டம்: ஊர்ப் பணத்துல உதவி வாங்கற ஏழைங்க, வலது தோள்பட்டையில சிவப்பு இல்லைன்னா நீலத் துணியில 'பி'ங்கிற எழுத்தையும் ஊரோட முதல் எழுத்தையும் தைச்சுக்கணும். 1810-ல தான் அதை எடுத்தாங்க. நூறு வருஷத்துக்கு மேல நாலு பேர் முன்னாடி கூனிக் குறுகி நடந்த ஜனங்களோட நாடு அது. அங்கே போய் "கழுத்துல ஒண்ணு மாட்டிக்கோ"ன்னா சிலருக்கு உடம்பு கூசாதா?

மீதிப் பாதிக்குப் பதில் வெள்ளைக் கோல்.

பார்வை இல்லாதவங்க கையில இருக்கிற வெள்ளைக் கோலை இன்னைக்கு உலகமே படிச்சுக்குது. ஆனா அது ஆதிகாலத்துலேருந்து வந்ததில்லை. பிரிஸ்டல் நகரத்துல ஜேம்ஸ் பிக்ஸ்னு ஒரு போட்டோகிராஃபர், விபத்துல கண்ணு போயிடுச்சு. வீட்டைச் சுத்தி மோட்டார் வண்டி பெருத்துப் போன பயத்துல, 1921-ல தன் கைத்தடிக்கு வெள்ளைப் பெயின்ட் அடிச்சார். ஓட்டறவன் கண்ணுல படட்டும்னு. யாரும் உத்தரவு போடலை. அவரே அடிச்சார், அவர் வசதிக்கு அடிச்சார். 1697 துணிக்கும் 1921 பெயின்ட்டுக்கும் உள்ள தூரம் அதுதான்.

அந்த வெள்ளைக் கோலே சிலரை மாட்டி விட்டதும் உண்டு. முழுசா பார்வை போகாம, மங்கலாத் தெரியறவங்க. கோலைப் பிடிச்சுட்டு பஸ்ல ஏறி, மூக்குக்கிட்ட செல்போனைக் கொண்டுபோய்ப் படிச்சா, "பார்றா, நடிக்கிறான்!" அர்ஜென்டினாவுல இதுக்குன்னே பச்சைக் கோல் கொண்டு வந்தாங்க, 2002-ல சட்டமே போட்டாங்க. கொஞ்சம் தெரியும், கொஞ்சம் தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு தனி நிறம்.

ஆட்டிசத்துக்கு வருவோம். கோல், ரயில் பேட்ஜ் விஷயத்துல இல்லாத ஒரு முடிச்சு இங்கே இருக்கு. இங்கே பிரச்சினை உக்கார இடம் கிடைக்கலைங்கிறது மட்டும் இல்லை. பார்த்த சில நொடியிலேயே எதிராளி ஒரு முடிவுக்கு வந்துடறான்.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தோட டாலஸ் வளாகத்துல நோவா சாசன் குழு 2017-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆட்டிசம் உள்ளவங்களும் இல்லாதவங்களும் பேசற சின்னச் சின்னக் காட்சிகளை மத்தவங்களுக்குப் போட்டுக் காமிச்சாங்க. யாருக்கு ஆட்டிசம்னு சொல்லலை. ஆட்டிசம் உள்ளவங்க விஷயத்துல மட்டும், பார்த்தவங்க சில நொடியிலேயே "இவரோட பழக அவ்வளவா விருப்பமில்லை"ங்கிற பக்கம் சாய்ஞ்சாங்க. அதே ஆளுங்க பேசினதை எழுத்துல மட்டும் குடுத்தப்போ அந்த வித்தியாசம் மறைஞ்சே போச்சு! ஆக, என்ன பேசினாங்கங்கிறதுல ஒரு குறையும் இல்லை. கண்ணைப் பார்க்காததும், குரல் ஏறி இறங்காததும், கை அசையற விதமும்தான் குற்றம்.

2019-ல அதே வளாகத்துலேருந்து அடுத்த ஆய்வு. இந்தத் தடவை "இவருக்கு ஆட்டிசம்"னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. அபிப்பிராயம் நல்லபடியா மாறுச்சு. ஆனா ஒரு 'ஆனா' இருக்கு. ஆட்டிசத்தைப் பத்தி ஏற்கெனவே விவரம் தெரிஞ்சவங்ககிட்டதான் நல்லெண்ணமும் கூடுதலா இருந்துச்சு.

சொல்லாம விட்டா என்ன ஆகும்? சொல்லலைன்னா நடிக்கணும். கண்ணைப் பார்த்துப் பேசற மாதிரி புருவத்துக்கு நடுவுல பார்க்கிறது, சிரிக்க வேண்டிய இடத்தை மனப்பாடம் பண்ணிக்கிறது, ஆட்டணும்னு துடிக்கிற கையைத் தொடைக்கடியில வெச்சு உக்காந்துக்கிறது. லண்டன்ல லாரா ஹல்லும் கூட இருந்தவங்களும் 2017-ல ஆட்டிசம் உள்ள பெரியவங்ககிட்ட இதைப் பத்திக் கேட்டு எழுதினாங்க. திரும்பத் திரும்ப வந்த பதில், களைப்பு. வேஷத்தைக் கலைக்க வீட்டுக்கு ஓடணும்ங்கிற அளவுக்குக் களைப்பு. அதனால "மறைச்சுட்டா தொல்லை இல்லை"ங்கிறது வெளியில இருந்து பேசறவங்களோட கணக்கு. சுமை ரெண்டு பக்கமும் இருக்கு. எந்தப் பக்கம் எந்த நேரத்துல கனம் குறைவுன்னு தூக்கறவருக்குத்தான் தெரியும். மாட்டணுமா வேண்டாமான்னு அடுத்தவங்க தீர்ப்பு சொல்றதுல நம்மளுக்கு உடன்பாடே இல்லாததுக்கு இதான் காரணம்.

இந்த அடையாளங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. நம்பிக்கையில ஓடற வண்டி. ஜப்பான் இதை ஒரு தடவை கிட்டத்துல பார்த்துச்சு.

டோக்கியோவுல 2012-லேருந்து 'ஹெல்ப் மார்க்'. சிவப்புப் பட்டையில வெள்ளைச் சிலுவைக் குறியும் இதயமும். செயற்கை மூட்டு வெச்சுக்கிட்ட ஒரு நகரப் பேரவை உறுப்பினரோட யோசனையில பிறந்தது. பையில தொங்கவிட்டுக்கலாம். சான்றிதழ் வேண்டாம், ஸ்டேஷன்ல கேட்டா இலவசமாக் குடுப்பாங்க. கூடவே ஒரு ஒட்டுத்தாள் உண்டு, அதுல உங்களுக்கு என்ன உதவி தேவைன்னு எழுதி, அந்தக் குறியோட ஒரு பக்கத்துல ஒட்டிக்கலாம். 2017-ல நாட்டோட தரக்குறியீட்டுப் பட்டியல்லயும் சேர்த்துட்டாங்க. இப்படி ஊரே படிக்கக் கத்துக்கிட்ட நேரத்துல, 2022 அக்டோபர்ல பாடகி ஷீனா ரிங்கோவோட புது ஆல்பத்துக்கு இலவச இணைப்பா அறிவிச்ச பொருளைப் பார்த்தா அச்சு அசல் ஹெல்ப் மார்க் சாயல்! ரசிகர்கள் ஆயிரக்கணக்குல அதைத் தொங்கவிட்டுத் திரிஞ்சா, நிஜமாவே உதவி தேவைப்படறவரை யார் கண்டுபிடிக்கிறது? எதிர்ப்பு கிளம்பி, நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, வெளியீட்டைத் தள்ளிப்போட்டு, வடிவத்தையே மாத்துனாங்க.

பிரிட்டன்ல சோதனை வேற ரூபத்துல வந்துச்சு. 2020-ல கடைக்குள்ள முகக்கவசம் கட்டாயம், உடல்நலக் காரணம் இருக்கிறவங்களுக்கு விலக்கு. உடனே சூரியகாந்திப் பட்டை ஆன்லைன்ல விலைக்கு வந்துடுச்சு. கவசம் போடப் பிடிக்காதவங்களும் வாங்கி மாட்டிக்கிட்டாங்க. "இது கவச விலக்குக்கான சீட்டு இல்லை"ன்னு திட்டத்தை நடத்தறவங்க சொல்ல வேண்டியதாச்சு.

அப்போ சான்றிதழ் கேட்டுத்தான் குடுக்கணும்னு ஒரு குரல் எழும்பும். எழும்புச்சு. நம்ம கட்சி இதுக்கு எதிர்க்கட்சி. பார்க்கிங் இடம், வரிச் சலுகை, உதவித்தொகை மாதிரி அளந்து குடுக்கிற சமாச்சாரத்துக்குச் சோதனை இருக்கட்டும். இங்கிலாந்துல மாற்றுத்திறனாளிகள் பார்க்கிங்குக்கான நீலப் பேட்ஜை 2019 ஆகஸ்ட்ல வெளியே தெரியாத குறைபாடுகளுக்கும் திறந்துவிட்டப்போ, விண்ணப்பம், பரிசீலனை எல்லாம் வெச்சுத்தான் திறந்தாங்க. சரிதான். ஆனா ஒருத்தர்கிட்ட ரெண்டு நிமிஷம் பொறுமையா பேசறதுக்கு என்ன ஆதாரம் வேணும்? நாலு போலி ஆசாமிகளுக்கும் பொறுமை கிடைச்சுட்டுப் போகட்டுமே. கஜானா காலியாயிடுமா?

நம்ம நாட்டுக் கதை இதுக்கு நேர் எதிர். இங்கே அட்டை இருக்கு, ஆனா அது கழுத்துக்கு வர்றதில்லை. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகைக் குறைபாடுகள், அதுல ஆட்டிசமும் ஒண்ணு. 40 கேள்வி உள்ள ஒரு மதிப்பீட்டு முறை, அதுல வர்ற மதிப்பெண்ணை வெச்சுச் சதவீதம், சதவீதத்தை வெச்சு அடையாள அட்டை. பஸ்ல கண்டக்டர்கிட்ட காட்டலாம், ஆபீஸ்ல விண்ணப்பத்தோட இணைக்கலாம். சலுகைக்கான அட்டை அது. பக்கத்து சீட்காரருக்கு எதையும் சொல்றதுக்கான அட்டை இல்லை.

பக்கத்து சீட்காரருக்கு யார் சொல்றது? அம்மாதான். ரயில் பயணத்துல பார்த்திருப்பீங்க. பையன் ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பினா, இல்லை எதிர் பெர்த்ல குதிச்சா, அந்தம்மா பெட்டி மொத்தத்துக்கும் கேக்கற மாதிரி "பையனுக்கு ஆட்டிசம்ங்க, தப்பா நினைக்காதீங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. அடுத்து கேள்வி மழை. எத்தனை வயசு, சொந்தத்துல கல்யாணமா, எங்க ஊர்ல ஒரு வைத்தியர் இருக்கார்... விழுப்புரம் தாண்டறதுக்குள்ள ஏழு யோசனை, ரெண்டு கோயில் விலாசம். பையன் பக்கத்துலயே உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டு இருப்பான். பேச்சு வராதவனுக்குக் காது கேக்காதுன்னு பெட்டியில முக்கால்வாசிப் பேருக்கு நினைப்பு.

அடையாளம் இல்லாம இருந்தா இப்படி. இருந்தா மட்டும்?

2022 மே 7, ராஞ்சி விமான நிலையம். மாற்றுத்திறனாளிப் பையன் ஒருத்தன் பதற்றமா இருந்தான்னு, மத்த பயணிகளுக்கு ஆபத்துன்னு காரணம் சொல்லி இண்டிகோ ஊழியர்கள் விமானத்துல ஏத்த மறுத்துட்டாங்க. கூட இருந்த பயணிகளே, அதுல டாக்டர்களும் உண்டு, "எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஏத்துங்க"ன்னு வாதாடினாங்க. நடக்கலை. அந்த மாசக் கடைசியில விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அஞ்சு லட்சம் ரூபா அபராதம் போட்டுச்சு. கையாண்ட விதம் நிலைமையை இன்னும் மோசமாக்கிடுச்சுன்னு சொல்லுச்சு. ஜூலையில விதியையும் திருத்தினாங்க: குறைபாட்டைக் காரணம் காட்டி ஏத்த மறுக்கக் கூடாது, உடல்நிலை பத்திச் சந்தேகம் இருந்தா விமான நிலைய டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்.

இங்கே கவனிங்க. பையனுக்குக் குறைபாடு இருக்குன்னு அந்த ஊழியர்களுக்குத் தெரியாமலா இருந்துச்சு? தெரிஞ்சதாலதான் நிறுத்துனாங்க! அவன் கழுத்துல பத்து சூரியகாந்தி தொங்கியிருந்தாலும் அன்னைக்கு மாற்றம் வந்திருக்காது. டாலஸ் ஆய்வுல வந்த அதே 'ஆனா'தான் ராஞ்சியிலயும். படிக்கத் தெரியாதவன் முன்னாடி எழுத்தைப் பெருசாக்கி என்ன பிரயோசனம்?

குழந்தைங்க விஷயத்துல இன்னொரு கவலையும் உண்டு. அமெரிக்காவுல 2012-ல வெளிவந்த ஒரு ஆய்வுப்படி, ஆட்டிசம் உள்ள குழந்தைகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் நாலு வயசுக்கு மேல ஒரு தடவையாவது சொல்லாம கொள்ளாம வெளியே ஓடப் பார்த்திருக்காங்க. அதனால பேர், போன் நம்பர் எழுதின வளையமோ அட்டையோ அவசியம்தான். ஆனா அதை நெஞ்சு மேல எழுதி வைக்கணும்னு இல்லை. சட்டைக்கு உள்பக்கம், ஷூ நாக்குல, பெல்ட்டுக்கு அடியில வெச்சாலும் தேடறவங்க கண்டுபிடிப்பாங்க. "எனக்கு ஆட்டிசம், பொறுமையா இருங்க"ன்னு பெரிய எழுத்துல அடிச்ச பனியனை மூணு வயசுல அம்மா மாட்டி விடலாம். பதிமூணு வயசுல அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும். (பேச மாட்டான்னா, கழட்டி எறியறானான்னு பார்க்கணும். அதுவும் பதில்தான்.)

இதுவரைக்கும் வந்ததுல ரொம்பப் புத்திசாலித்தனமான அடையாளம் ஆட்டிசம் உள்ளவங்க தங்களுக்குள்ள வெச்சுக்கிட்டதுதான். அமெரிக்காவுல ஜிம் சின்க்ளேரும் கூட்டாளிகளும் 1996-லேருந்து 'ஆட்ரீட்'னு ஒரு கூடுகையை நடத்தினாங்க. ஆட்டிசம் உள்ளவங்க, ஆட்டிசம் உள்ளவங்களுக்காகவே நடத்தினது. அந்தக் கூடுகை வட்டத்துலேருந்து பரவினது மூணு நிறப் பேட்ஜ். சிவப்பு: யாரும் வந்து பேசாதீங்க. மஞ்சள்: எனக்குத் தெரிஞ்சவங்க மட்டும் பேசலாம். பச்சை: பேச ஆசையா இருக்கு, ஆரம்பிக்கத்தான் வரலை, நீங்க ஆரம்பிங்க. நிறம் பிரிச்சுப் பார்க்க முடியாதவங்களுக்காக நிறத்தோட பேரையும் எழுதி வைப்பாங்க. நேரத்துக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். வியாதிப் பேரும் கிடையாது, சதவீதமும் கிடையாது. (இந்தப் பச்சை பேட்ஜ் கல்யாண வீட்டுல எத்தனை சாதாரண மனுஷங்களுக்குத் தேவைன்னு யோசிச்சுப் பாருங்க. சிவப்பு அதைவிட.)

அதே ஜாதியில இன்னொண்ணு, கனெக்டிகட் மாநிலத்துல 2020-லேருந்து இருக்கிற நீல உறை. ஆட்டிசம் உள்ளவர் வண்டி ஓட்டறப்போ லைசென்ஸ், ஆர்சி, இன்ஷூரன்ஸ் மூணையும் அதுக்குள்ள வெச்சுக்கலாம். போலீஸ் நிறுத்தினா உறையோட நீட்டணும். நிறுத்தாத வரைக்கும் அது டேஷ்போர்டுக்குள்ள கிடக்கும், ஊருக்கே தெரிய வேண்டாம். அந்த உறை மேல ரெண்டு தரப்புக்கும் குறிப்பு அச்சடிச்சிருக்கும். ஓட்டறவர் எதை எதிர்பார்க்கலாம்னு ஒண்ணு, போலீஸ்காரர் எப்படிப் பேசணும்னு ஒண்ணு.

இந்த உறையோட யோசனை நம்ம ஊர்ப் பூவுக்கும் உதவும். நம்ம விமான நிலையங்கள்ல பூப்பட்டையைக் குடுக்கிறது நிலையத்தை நடத்தற நிறுவனம். ஆனா பயணியைத் தொட்டுத் தடவிச் சோதனை போடறது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை (சிஐஎஸ்எஃப்) வீரர். தொட்டா துடிச்சுப் போற ஒருத்தருக்கு மொத்தப் பயணத்துலயும் கஷ்டமான ஒரு நிமிஷம் அந்தச் சோதனை மேடை மேல நிக்கிற நிமிஷம்தான். பட்டையில ஒரு சின்ன அட்டையும் தொங்கட்டுமே! அதுல "தொடறதுக்கு முன்னாடி சொல்லுங்க. மெஷினை முதல்ல அவர் கண்ணுல காட்டுங்க. பதில் வர பத்து நொடி ஆகும். கூட வந்தவர் பக்கத்துல நிக்கட்டும்"னு நாலு வரி, இந்தியிலயும் தமிழ்லயும் கன்னடத்துலயும் அந்த வீரர் படிக்கிற மாதிரி அச்சடிக்க எவ்வளவு ஆகிடப் போகுது?